கை கற்க வேண்டிய பாடம்

சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே பறந்து பழகியவர்களுக்கு ஏடிஆர் 72 தெரிந்த விமானம். ஸ்பைஸ்ஜெட் இயக்கிய க்யூ400-இலும் பலர் தூத்துக்குடி விமான நிலையமான வாகைக்குளத்தில் வந்து இறங்கியிருப்பார்கள். இரண்டும் புரொபெல்லரில் ஓடுபவை. பல நாடுகளில் ஆண்டுக்கணக்காக நம்பிக்கையோடு பயன்படுத்தப்படுபவை. இந்த இரண்டு வகைகளில் நேர்ந்த மூன்று விபத்துகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2009 பிப்ரவரி 12 அன்று அமெரிக்காவின் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் நிறுவனத்தின் க்யூ400 விழுந்து, தரையிலிருந்த ஒருவர் உட்பட 50 பேர் இறந்தனர். 2023 ஜனவரி 15 அன்று நேபாளத்தின் பொக்காராவில் இறங்க வந்த எட்டி ஏர்லைன்ஸின் ஏடிஆர் 72 விழுந்தது. அதிலிருந்த 72 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. 2024 ஆகஸ்ட் 9 அன்று பிரேசிலின் வின்யெடோ நகரில் இன்னொரு ஏடிஆர் 72 தட்டையாகச் சுழன்றபடி வந்து வீடுகளுக்கிடையே விழுந்ததில் 62 பேர் மாண்டனர். முதலாவதில் விமானிகள் வேகம் குறைந்ததைக் கவனிக்கவில்லை. இரண்டாவதில் ஃபிளாப் நெம்புகோல் என்று நினைத்துப் புரொபெல்லர் நெம்புகோல்களை நகர்த்தியதில் உந்துவிசையே போய்விட்டது. மூன்றாவது விமானம் பனி உறையும் மேகங்களுக்குள் பறந்துகொண்டிருந்தது. தொடக்கம் மூன்றிலும் வேறு, முடிவு ஒன்றே. இறக்கை ஸ்டால் ஆனது. இந்த நிலையை வானத்தில் வேண்டுமென்றே உண்டாக்கி, அதன் உள்ளே போய், தன் கையாலேயே மீண்டு வந்த அனுபவம் ஒவ்வொரு விமானிக்கும் கட்டாயம் வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். புத்தகத்தில் படித்துத் தேர்வில் எழுதினால் போதாது. ஏன் போதாது என்பதற்குப் பதில் இயற்பியலில் பாதியும் நம் உடலில் பாதியுமாக இருக்கிறது.

இயற்பியலை முதலில் முடித்துவிடலாம். எதிர்வரும் காற்றை இறக்கை ஒரு சிறு கோணத்தில் சந்திக்கிறது. அதைத் தாக்குகோணம் என்கிறோம். கோணம் கூடக்கூடத் தூக்குவிசையும் கூடும். ஆனால் ஓர் எல்லை வரைதான். பெரும்பாலான பயிற்சி விமானங்களில் சுமார் 15 முதல் 18 டிகிரியைத் தாண்டியதும், இறக்கையின் மேற்புறத்தை ஒட்டி வழுக்கிச் சென்ற காற்று அதைவிட்டுப் பிய்த்துக்கொண்டு கலங்குகிறது. தூக்குவிசை சரிகிறது, இழுவை ஏறுகிறது. இதுதான் ஸ்டால். இன்ஜினுக்கு இதில் பங்கில்லை. அது முழு வேகத்தில் உறுமிக்கொண்டிருக்கும்போதும் ஸ்டால் வரும். மூக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதும் இல்லை. மூக்கு கீழ்நோக்கி இருக்கும்போதும் வரும். வேகமும் நிலையான எல்லை அல்ல. நேராகப் பறக்கையில் 50 நாட் வேகத்தில் ஸ்டால் ஆகும் விமானம், உயரம் இழக்காமல் 60 டிகிரி சாய்ந்து திரும்பினால் தன் எடையைப் போல் இரு மடங்கு பளுவைத் தாங்க வேண்டியிருக்கிறது. அப்போது 71 நாட் வேகத்திலேயே ஸ்டால் ஆகிவிடும். விமானி எவ்வளவு இழுக்கிறார் என்பதைப் பொறுத்தே எல்லை நகர்கிறது. ஆகவே மருந்தும் ஒன்றுதான்: ஸ்டிக்கை முன்னே தள்ளித் தாக்குகோணத்தைக் குறைக்க வேண்டும். கீழே விழுந்துகொண்டிருக்கும்போது மூக்கை இன்னும் கீழே இறக்க வேண்டும்.

இது எவ்வளவு நயமாக வந்து சிக்க வைக்கும் என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். ஆடி மாதத்துத் தென்மேற்குக் காற்றில் ஒரு சிறு பயிற்சி விமானம் வாகைக்குளத்தில் மேற்கு முகமாக இறங்க வருவதாக வைத்துக்கொள்வோம். வழக்கமான இடச்சுற்றில், ஓடுபாதைக்குத் தெற்கே கடலைப் பார்த்துக் கிழக்கே போய், இடப்பக்கம் திரும்பி வடக்கே வந்து, மறுபடி இடப்பக்கம் திரும்பி ஓடுபாதையின் நேர்க்கோட்டில் சேர வேண்டும். வடக்கு நோக்கி வரும்போது காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் விமானம் நேர்க்கோட்டைத் தாண்டிப் போகிறது. தரை 500 அடி கீழே. தாழப் பறக்கையில் அதிகம் சாய்க்காதே என்று ஆசிரியர் சொன்னது நினைவில் இருக்கிறது. எனவே சாய்வைக் கூட்டாமல், இடது காலால் சுக்கானை மிதித்து மூக்கை மட்டும் ஓடுபாதைப் பக்கம் இழுக்கிறார் விமானி. வெளிப்புறமான வலது இறக்கை வேகம் பெற்று மேலே எழுகிறது. அதை அடக்க ஸ்டிக்கை வலப்பக்கம் சாய்க்கிறார். மூக்கு தாழ்கிறது, ஸ்டிக்கைப் பின்னுக்கு இழுக்கிறார். மூன்று செயலுக்கும் தனித்தனியே நியாயம் உண்டு. மூன்றும் சேர்ந்து என்ன செய்கின்றன? உட்புறமான இடது இறக்கை ஏற்கெனவே வேகம் குறைந்தது. ஸ்டிக்கை வலப்பக்கம் சாய்த்ததில் அதன் பின்விளிம்பில் உள்ள எய்லரான் என்ற மடல் கீழிறங்கி, தாக்குகோணத்தை மேலும் கூட்டுகிறது. அந்த இறக்கை முதலில் ஸ்டால் ஆகிறது. கீழே சரியும் இறக்கைக்குத் தாக்குகோணம் இன்னும் கூடுகிறது, இழுவை அதைப் பின்னே இழுக்கிறது. மற்ற இறக்கையில் தூக்குவிசை கொஞ்சம் மிச்சமிருக்கிறது. இந்த ஏற்றத்தாழ்வு தன்னைத் தானே ஊட்டி வளர்த்துக்கொண்டு விமானத்தைச் சுழற்றத் தொடங்கிவிடும். இதுவே ஸ்பின். சிறு விமானம் ஒன்று சுமார் 3 வினாடிக்கு ஒரு சுற்று சுழலும். ஒரு சுற்றுக்கு 500 அடி போகும். நம் விமானியிடம் இருப்பது ஒரே ஒரு சுற்று.

ஸ்பின்னிலிருந்து மீளும் முறை சில வரிகளுக்குள் அடங்கும். த்ராட்டிலைக் குறைக்க வேண்டும். எய்லரானை நடுவில் வைக்க வேண்டும். சுழலும் திசைக்கு எதிர்ப்பக்கச் சுக்கானை முழுதாக மிதிக்க வேண்டும். ஸ்டிக்கை முன்னே தள்ள வேண்டும். சுழற்சி நின்றதும் சுக்கானை நடுவுக்குக் கொண்டுவந்து, பாயும் விமானத்தைப் பதறாமல் நிமிர்த்த வேண்டும். எளிதாகத் தெரிகிற இந்த வரிசையை மனிதகுலம் கண்டுபிடிக்க எவ்வளவு உயிர்கள் போயின என்று பார்த்தால், எளிமை எங்கே இல்லை என்பது புரியும். 1912 ஆகஸ்ட் 25 அன்று இங்கிலாந்தின் சாலிஸ்பரி சமவெளியில் வில்ஃப்ரெட் பார்க் என்ற கடற்படை அதிகாரியின் ஆவ்ரோ விமானம் சுமார் 700 அடி உயரத்தில் சுழலத் தொடங்கியது. இயல்பாக எவரும் செய்வதையெல்லாம் அவர் செய்தார். இன்ஜினை முடுக்கினார், ஸ்டிக்கை இழுத்தார், சுழலும் பக்கமே சுக்கானை மிதித்தார். ஒன்றும் பலிக்கவில்லை. எல்லாம் கைவிட்டுப் போன நிலையில் சுக்கானை எதிர்ப்பக்கம் திருப்பினார், சுழற்சி நின்றது. அப்போது தரைக்கும் அவருக்கும் இடையே ஏறத்தாழ 50 அடிதான் இருந்தது. அவரும் பார்த்தவர்களும் சொன்ன விவரங்கள் அப்போதே பதிவாயின. ஆனாலும் பல ஆண்டுகளுக்கு விமானிகள் ஸ்பின்னில் மாண்டுகொண்டுதான் இருந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் வேறொரு விமானம் விழுந்து வில்ஃப்ரெட் பார்க்கும் இறந்தார். மருந்து தெரிந்திருந்தது, அதைப் பயிற்சியாக்கும் பள்ளிதான் இல்லை.

அந்த வேலையைச் செய்தவர் ராபர்ட் ஸ்மித்-பாரி. முதல் உலகப் போரில் எதிரி சுட்டு விழுந்தவர்களுக்கு நிகராகப் பயிற்சியிலும் இளைஞர்கள் செத்துக்கொண்டிருந்த காலம் அது. ஆபத்தான நிலைகளுக்குப் போகாமல் பார்த்துக்கொள் என்பதே அப்போதைய கல்வி. 1917-இல் காஸ்போர்ட் பள்ளியில் ஸ்மித்-பாரி அதைத் தலைகீழாக்கினார். இரட்டைக் கட்டுப்பாடு உள்ள விமானத்தில் மாணவரோடு ஏறி, ஆபத்தான நிலைக்கு வேண்டுமென்றே கொண்டுபோய், மீளும் வழியை மாணவரின் கையாலேயே செய்ய வைப்பது அவர் முறை. அதே ஆண்டில் ஃபார்ன்பரோவில், தானே விமானம் ஓட்டக் கற்றிருந்த ஃபிரெடரிக் லிண்டமன் என்ற இயற்பியலாளர் தனியாக மேலே போய், ஸ்பின்னுக்குள் நுழைந்து, சுழன்றபடியே கருவிகளின் அளவுகளைக் குறித்துக்கொண்டு வந்தார். பின்னாளில் சர்ச்சிலின் அறிவியல் ஆலோசகரான அதே லிண்டமன்தான். ஒருவர் நிகழ்வை அளந்தார், மற்றவர் அதைக் கற்பிக்கலாம் என்று காட்டினார். லூப், ரோல் போன்ற வான்சாகசப் பாடங்கள் பயிற்சிக்குள் வந்ததும் இந்தக் காரணத்தால்தான். கூட்டத்தை மகிழ்விப்பதற்கு அப்பால், விமானம் தலைகீழாக இருக்கும்போதும் தாக்குகோணத்தைக் கையால் உணரவும், பளு கூடுவதையும் குறைவதையும் முதுகால் அறியவும் அவை கற்றுத் தருகின்றன. அந்தச் சாகசத்தைச் சொகுசு என்று ஒதுக்குபவர்கள் அதன் பிறப்பை மறந்துவிடுகிறார்கள்.

இனி உடலுக்கு வருவோம். நம் காதுக்குள் பக்கத்துக்கு மூன்று அரைவட்டக் குழல்கள், திரவம் நிரம்பி இருக்கின்றன. தலை திரும்பும்போது குழல் உடனே திரும்புகிறது, திரவம் சற்றுப் பின்தங்குகிறது. அந்த வித்தியாசத்தைத்தான் மூளை சுழற்சி என்று படிக்கிறது. ஒரே வேகத்தில் சுழன்றுகொண்டே இருந்தால் சுமார் 10 முதல் 20 வினாடிக்குள் திரவமும் குழலோடு சேர்ந்து ஓடத் தொடங்கி, சுழலும் உணர்வு மங்கிவிடும். இப்போது சுழற்சியை நிறுத்தினால் திரவம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். எதிர்த்திசையில் சுழல்வதாக மூளை சத்தியம் செய்யும். அந்தப் பொய்யை நம்பிச் சுக்கானை மாற்றி மிதித்தவர் விட்டுவந்த ஸ்பின்னுக்குள்ளேயே திரும்பப் போவார். முத்துக்குளித்துறைக்காரர்களுக்கு இந்தக் காதின் துரோகம் புதிதல்ல. 10 முதல் 20 மீட்டர் ஆழத்தில் முத்துச்சிப்பிகள் விளையும் பார்களுக்கு, கயிற்றில் கட்டிய கல்லின் துணையோடு இறங்கிய குளியாளிகளுக்கு 10 மீட்டரிலேயே அழுத்தம் இரு மடங்காகிவிடும். செவிப்பறை கிழிந்து ஒரு காதுக்குள் குளிர்ந்த நீர் புகுந்தால் உட்காதுத் திரவம் தானே அசைந்து, கடலே சுழல்வதுபோல் தலை கிறுகிறுக்கும். மேலே எது, கீழே எது என்பது தெரியாது. இரு காதுகளிலும் அழுத்தம் ஒரே சீராக ஈடாகாதபோது வரும் இன்னொரு வகைக் கிறுகிறுப்பை ஸ்வீடனின் கிளேஸ் லுண்ட்கிரென் 1965-இல் முக்குளிப்பவர்களிடமும், அடுத்த ஆண்டே விமானிகளிடமும் விவரித்தார். மூச்சு விஷயத்திலும் இதே கதைதான். மூச்சு முட்டும் தவிப்பை எழுப்புவது பெரும்பாலும் இரத்தத்தில் சேரும் கரியமில வாயு. ஆக்சிஜன் குறைவு அல்ல. இறங்குமுன் வேகவேகமாக மூச்சிழுத்துக் கரியமில வாயுவை வெளியேற்றிவிட்டவருக்கு எச்சரிக்கை வருமுன்பே நினைவு தப்பும். 1961-க்குப் பிறகு தூத்துக்குடிப் பார்களில் பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஆனால் சங்கு குளிப்பவர்களுக்கும் கடல் இதே விதியைத்தான் வைத்திருக்கிறது. குளியாளி தன் தவிப்பை மட்டும் நம்பாமல், படகில் கயிற்றைப் பிடித்து நிற்கும் துணையாளை நம்பினார். காற்றிலும் நீரிலும் உடலின் முதல் யோசனை தவறாக இருக்கலாம் என்பதை, உடலுக்குள் இறங்கும் வரை பழகித்தான் அறிய முடியும்.

பழகாதபோது என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவிலேயே சான்று உண்டு. 2000 ஜூலை 17 அன்று அலையன்ஸ் ஏரின் போயிங் 737-200 விமானம் பாட்னாவில் இறங்க வந்தது. உயரம் அதிகமாக இருந்ததால் விமானிகள் இன்ஜினைக் குறைத்து வைத்தார்கள். வேகம் குறைந்தது, மூக்கு உயர்ந்தே இருந்தது, விமானம் இப்படியும் அப்படியும் சாய்க்கப்பட்டது. ஸ்டால் வரப்போகிறது என்று ஸ்டிக் அதிர்ந்து எச்சரித்தது. அந்த நொடியில் அவர்கள் செய்தது ஸ்டாலிலிருந்து மீளும் செயல் அல்ல, தரையிறக்கத்தைக் கைவிட்டு மேலேறும் செயல் என்று விசாரணை நீதிமன்றம் முடிவுசெய்தது. அந்த விபத்தில், தரையிலிருந்த ஐவர் உட்பட 60 பேர் இறந்தனர். பஃபலோவில் கேப்டன் அதிர்ந்த ஸ்டிக்கை இழுத்தார். மூக்கைத் தாழ்த்த விமானமே தானாக ஸ்டிக்கை முன்னே தள்ளியபோதும் எதிர்த்து இழுத்தார். 2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக் கடலில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447-இன் கதை இன்னும் வேதனையானது. வேகம் காட்டும் குழாய்கள் பனித்துகளால் சிறிது நேரம் அடைபட்டன, ஆட்டோபைலட் விலகியது. விமானி ஸ்டிக்கை இழுத்தார். 38,000 அடியை நெருங்கிய விமானம் ஸ்டால் ஆகி, மூன்றரை நிமிடத்தில் கடலைத் தொட்டது. 228 பேரும் போனார்கள். எச்சரிக்கை ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் காட்டும் வேகம் மிகவும் குறைந்ததும் கணினி அந்த அளவை நம்பாமல் ஒலியை நிறுத்திவிட்டது. மூக்கைத் தாழ்த்தியபோது வேகம் சற்று ஏற, ஒலி மீண்டும் கிளம்பியது. சரியானதைச் செய்தால் அபாயமணி, தவறானதைச் செய்தால் அமைதி! அந்த நிலையில் காதில் விழுவதைத் தாண்டி, இது ஸ்டால் என்று அறிந்து செயல்படக்கூடிய கை ஒன்று அங்கே தேவைப்பட்டது.

இந்த வாதத்துக்கு எதிரான கருத்துகள் வலுவானவை. அவற்றைத் தட்டிக்கழிக்கக் கூடாது. முதலாவது: ஸ்டாலும் ஸ்பின்னும் சேர்ந்து கொல்லும் சிறு விமான விபத்துகளில் பெரும்பாலானவை 1,000 அடிக்குக் கீழே தொடங்குபவை. மீளும் வித்தை தெரிந்தாலும் மீள உயரம் இல்லை. வாகைக்குளக் காட்சியில் நம் விமானியே அதற்கு உதாரணம். இரண்டாவது: அமெரிக்கா 1949-இல் தனியார் விமானி உரிமத்துக்கான கட்டாய ஸ்பின் பயிற்சியை நீக்கிவிட்டது. அதன்பின் இத்தகைய விபத்துகளின் பங்கு குறைந்ததே தவிர ஏறவில்லை. பயிற்சியில் நேரும் மரணங்களும் தவிர்ந்தன. இரண்டும் உண்மை. ஆனால் 1949-க்குப் பிறகு வந்த விமானங்கள் எளிதில் ஸ்பின்னுக்குள் நுழையாத வடிவம் பெற்றன, ஸ்டால் எச்சரிக்கைக் கருவிகள் பரவின, ஸ்டாலை முன்கூட்டியே அடையாளம் காணும் பயிற்சி கூடியது. எனவே அந்தக் குறைவை ஸ்பின் பயிற்சியை நிறுத்தியதன் பலன் என்று மட்டும் எழுதிவிட முடியாது. முதல் வாதமோ, என் பார்வையில், பயிற்சிக்கு ஆதரவாகவே திரும்புகிறது. 500 அடியில் தேவைப்படுவது மீளும் திறமை அல்ல, நுழைவதை அடையாளம் காணும் திறமை. இடது காலும் வலது கையும் ஒன்றுக்கொன்று எதிராக இழுப்பதையும், ஸ்டிக் வழக்கத்துக்கு மாறாகப் பின்னே வந்து நிற்பதையும், காற்றின் ஓசை மெலிவதையும், வாலில் தொடங்கும் நடுக்கத்தையும் 6,000 அடியில் பலமுறை சந்தித்து, அடுத்த நொடி என்ன ஆகும் என்பதைக் கண்ணால் பார்த்தவருக்கே 500 அடியில் கால் தானாகப் பின்வாங்கும். அடுத்து வருவதைப் பார்க்காதவருக்கு அந்த நடுக்கம் வெறும் நடுக்கம்தான்.

சிமுலேட்டர் போதாதா என்பார்கள். அமெரிக்க விமான நிறுவனங்கள் 2019 மார்ச் முதல் முழு ஸ்டாலைச் சிமுலேட்டரில் பயிற்றுவிக்க வேண்டும் என்பது விதி. நல்ல விதி, பெரிய விமானத்துக்கு அதைவிட்டால் வழியும் இல்லை. ஆயினும் தரையில் ஊன்றிய ஓர் அறையால் உடலின் எடையை இரு மடங்காக்கிக் காட்ட முடியாது, உட்காதை உண்மையாக ஏமாற்றவும் முடியாது. அதில் அமர்ந்தவருக்கு உயிர்ப்பயமும் இல்லை. பயத்தின் நடுவே கை எப்படி நடந்துகொள்ளும் என்பதுதான் இங்கே பாடமே. கணினி காக்கும் விமானங்கள் வந்துவிட்டனவே என்றும் கேட்கலாம். ஏர் பிரான்ஸ் 447 அப்படிப்பட்ட விமானம்தான். அளவுகள் கெட்டதும் காவல் விலகி, விமானம் மனிதக் கையில் ஒப்படைக்கப்பட்டது. காவல் எவ்வளவு திறமையாக வேலை செய்கிறதோ, அது விலகும் நாளில் விமானிக்கு அவ்வளவு குறைந்த பழக்கமே இருக்கும்.

நம் விமானப்படை இந்தக் கேள்வியில் என்றும் தடுமாறியதில்லை. கிரண் பயிற்சி விமானத்துக்கு மாற்றாக, விமானத் தயாரிப்பு நிறுவனமான எச்ஏஎல் உருவாக்கிய எச்ஜேடி-36 சிதாரா 2003 மார்ச் 7 அன்று முதன்முதலாகப் பறந்தது. ஆனால் ஸ்டாலிலும் ஸ்பின்னிலும் அது நம்பத்தக்கபடி நடந்துகொள்ளவில்லை. மாணவரைச் சுழற்றிக் காட்ட முடியாத பயிற்சி விமானத்தை ஏற்க விமானப்படை மறுத்தது. வால்பகுதியை மாற்றியமைத்து 2019-இல் மீண்டும் பறக்கவிட்டார்கள். 2022 ஜனவரியில்தான் இருபுறமும் ஆறு சுற்றுச் சுழன்று மீளும் திறனை அது காட்டியது. ஒரு பாடத்துக்காக ஒரு நாடு இத்தனை ஆண்டு காத்திருந்தது என்றால் அந்தப் பாடத்தின் மதிப்பை யாரும் தனியே விளக்க வேண்டியதில்லை. விமானப்படைக்குப் பயிற்றுநர்களை உருவாக்கும் பள்ளி 1954 முதல் நம் தாம்பரத்தில் இருக்கிறது. கற்பிப்போருக்கான அறிவு தமிழ்நாட்டு மண்ணிலேயே உண்டு என்பதை நினைவில் வைக்கலாம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இது தனியாகச் செய்து பார்க்கும் சோதனை அல்ல. ஸ்பின்னுக்கு அனுமதி பெற்ற விமானம், எடை சரியான இடத்தில் இருக்கிறதா என்ற கணக்கு, போதுமான உயரம், இதற்கெனத் தேர்ச்சி பெற்ற பயிற்றுநர் ஆகிய நான்கில் ஒன்று குறைந்தாலும் மேலே ஏறக் கூடாது. எடையின் மையம் பின்னே தள்ளிப்போன விமானம் தட்டையாகச் சுழலத் தொடங்கினால் எந்தச் சுக்கானுக்கும் கட்டுப்படாமல் போகலாம். பயிற்சியில் போன உயிர்களில் பல இந்த அலட்சியத்தால் போனவை. அந்த வகையில் 1949-இன் அமெரிக்க முடிவில் ஒரு நியாயம் இருந்தது. தகுதியற்ற பயிற்றுநர் கற்பிப்பதைவிடக் கற்பிக்காமல் இருப்பதே மேல்.

ஐரோப்பா 2019 டிசம்பரில் ஒரு நடுவழியைச் சட்டமாக்கியது. பெரிய விமானங்களுக்குப் போகவிருக்கும் ஒவ்வொரு விமானியும், தகுதிபெற்ற பயிற்றுநரோடு உண்மையான விமானத்தில் குறைந்தது 3 மணி நேரம், ஸ்டால் உள்ளிட்ட அசாதாரண நிலைகளில் புகுந்து மீண்டு வர வேண்டும். இந்தியாவில் வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரப் பறப்பு தேவை. அதிலிருந்து 3 மணி நேரத்தை இதற்கென ஒதுக்கிக் கட்டாயமாக்குவது செலவிலும் நேரத்திலும் பெரிய சுமை அல்ல. சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககம் அதைச் செய்ய வேண்டும். பறப்புப் பள்ளிகள் அதற்குத் தகுந்த விமானமும் பயிற்றுநரும் வைத்திருக்க வேண்டும். பிள்ளைகளைப் பறப்புப் பள்ளியில் சேர்க்கும் பெற்றோர் கட்டணத்தையும் விடுதியையும் விசாரிக்கும்போதே, இங்கே ஸ்டாலும் ஸ்பின்னும் எந்த விமானத்தில், யார் கற்பிக்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் தெளிவாக வராத பள்ளியில் சேர்க்காதீர்கள்.